400 கிராம் துப்பாக்கி, 5 கிலோ ட்ரிகர்

கடைக்காரர் அந்த ரிவால்வரை என் உள்ளங்கையில் வைத்ததும், நிஜந்தானா என்று ஒரு தடவை திருப்பிப் பார்த்தேன். அரைக் கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைவிட லேசு. "சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி. பெண்கள் நிறையப் பேர் இதைத்தான் வாங்குகிறார்கள்" என்றார். என் மணிக்கட்டைப் பார்த்தார், தோளில் தொங்கிய கைப்பையைப் பார்த்தார், விற்றுவிட்டார். நானும் செருப்புக்கு அளவு பார்ப்பதுபோல் பார்த்து வாங்கிவிட்டேன். ஐந்நூறு டாலருக்குக் கொஞ்சம் கீழே.

ஸ்மித் அண்ட் வெஸன் 642. அலுமினியச் சட்டம், இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான குழல், ஐந்து தோட்டா, எடை நானூறு கிராமுக்குச் சற்று மேல். துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. அதை என்னைப் போன்ற புதுக்கைக்குக் கொடுத்ததுதான் தப்பு என்று புரிய எனக்கு எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தைத்தான் எழுதுகிறேன்.

முதலில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். அம்மாவும் அதையேதான் கேட்டாள். "ஏஞ்சாமி, அந்த நாட்டுல போய் உனக்குத் துப்பாக்கி எதுக்கு?" கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் வளர்ந்த எனக்கு, சின்ன வயதில் பார்த்த ஒரே துப்பாக்கி வாய்க்கால் கரையோரம் கொக்கு தேடி வரும் நரிக்குறவர் தோளில் தொங்கிய நாட்டுத் துப்பாக்கிதான். இப்போது இருப்பது டெக்சாஸில், ஆஸ்டினுக்கு வடக்கே ஊர் முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில். இவர் மாதத்தில் பாதி நாள் வெளியூர். அவசர எண் 911 அடித்தால் ஷெரிஃப் வண்டி வரக் கால் மணி நேரமாவது ஆகும் என்று வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ எங்கள் கதவுப் பிடியைத் திருகிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்தப் பிடி திரும்பிய சத்தம் காதைவிட்டுப் போகவில்லை.

இங்கே இருக்கும் நம் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. கிரீன் கார்டு வந்த பிறகுதான் நான் கடைக்குள் கால் வைத்தேன். ஹெச்-1பி மாதிரித் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைப் பொதுவாக மத்தியச் சட்டம் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. நண்பர் சொன்னார் என்று நம்பிப் போகாமல் வக்கீலிடம் கேளுங்கள். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், அதில் குடியுரிமை, விசா நிலை எல்லாம் கேட்பார்கள், பிறகு பின்னணிச் சோதனை. அதில் பொய் எழுதுவது தனிக் குற்றம்.

சரி, முதல் நாள். கடைக்காரரே எடுத்துக் கொடுத்த பிளஸ் பி தோட்டா, அதாவது இந்தத் துப்பாக்கிக்கான சாதாரண .38 ஸ்பெஷல் தோட்டாவைவிட அழுத்தம் கூட்டி அடைத்தது. ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் இடத்தில், 7 கெஜத்தில் காகிதம் மாட்டினேன். நம் வீட்டுக் கூடத்தின் நீளம்தான், ஆறரை மீட்டர்கூட இல்லை. ஐந்து தடவை சுட்டதில் மூன்று காகிதத்தில் பட்டது, மூன்றும் கீழே இடது பக்கம். மற்ற இரண்டும் எங்கே போயின என்று தெரியாது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் சிவந்துவிட்டது. நடுவிரல் கணுவில் ட்ரிகர் வளையம் வந்து வந்து இடித்ததில் மறுநாள் காலை தோசைக் கரண்டி பிடிக்க முடியவில்லை. அடுத்த ஐந்தைச் சுடும்போது கண்ணை மூடிக்கொண்டுதான் சுட்டேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். பத்தோடு நிறுத்திவிட்டுப் பெட்டியை மூடினேன். நாற்பது தோட்டா மிச்சம். துப்பாக்கி ஒரு மாதம் இரும்புப் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை.

வாங்கின பொருளைப் பூட்டி வைத்துவிட்டுப் பாதுகாப்பாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வது எத்தனை எளிது தெரியுமா? அந்த ஒரு மாதம் நான் நிம்மதியாகத்தான் தூங்கினேன்.

பிறகு இவர்தான் விசாரித்து ஒரு இன்ஸ்ட்ரக்டரைப் பிடித்தார். எழுபது தாண்டியவர், ரிட்டயர்டு போலீஸ்காரர், வேலைக்காலம் முழுக்க ரிவால்வர் கட்டியவர். என்னுடையதை வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்ல துப்பாக்கி. இதை ஏன் முதலில் வாங்கினாய்?" என்றார். லேசாக இருந்தது என்றேன். "தூக்கிக்கொண்டு நடக்கிற எட்டு மணி நேரத்துக்கு லேசு. சுடுகிற மூன்று வினாடிக்கு?" என்றார்.

அவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது அதே கம்பெனியின் 686 ரிவால்வர், நாலங்குலக் குழல், முழுக்க எஃகு, ஒரு கிலோவுக்கு மேல். அதில் என்னுடைய அதே பிளஸ் பி தோட்டாவைப் போட்டுச் சுடச் சொன்னார். தோளைக் குறுக்கிக்கொண்டு சுட்டேன். யாரோ கையைப் பிடித்து மெதுவாகத் தள்ளின மாதிரி இருந்தது, அவ்வளவுதான். கணக்கு ஒன்றும் பெரிய கணக்கில்லை. குண்டும் வெடிமருந்துப் புகையும் முன்னால் பாய்வதற்கு ஈடாகத் துப்பாக்கி பின்னால் வந்தாக வேண்டும். எடை கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று என்றால், பின்னால் வரும் வேகம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு, கை வாங்கும் அடியும் அதே கணக்கில் கூடும். சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி என்ற கடைக்காரர் கணக்கு தலைகீழ். சின்னக் கைக்குத்தான் அடியை வாங்கிக்கொள்ள எடை வேண்டும்.

இந்தக் கணக்கைத் தப்பாகப் போடுவது அமெரிக்கக் கடைக்காரர் மட்டுமில்லை. கான்பூரில் 2014ல் அரசு ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்று ஒரு .32 ரிவால்வர் கொண்டுவந்தது. பெண்களுக்கானது, 500 கிராம்தான் எடை என்பதுதான் விளம்பரம். விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். .32 தோட்டா என்பதால் உதை கொஞ்சம் குறைவு என்பது வேறு விஷயம். ஆனாலும் பெண் என்றதும் ஏன் எல்லாருக்கும் எடையைக் குறைக்கத்தான் தோன்றுகிறது என்று புரியவில்லை. நெல் மூட்டையை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கியவர்கள்தான் எங்கள் வீட்டுப் பெண்கள்.

உதைதான் என் பிரச்சினை என்று தீர்மானித்துவிட்டேன். எஃகுத் துப்பாக்கிக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் என் 642-ஐ வாங்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோட்டா போட்டு, மூடிக் கொடுத்தார். சுடச் சொன்னார். முதல் தோட்டா வெடித்தது. இரண்டாவது இழுப்பில் 'க்ளிக்'. வெடிக்கவில்லை. ஏற்கெனவே சுட்ட வெற்றுக்கூட்டை உள்ளே வைத்திருக்கிறார். ஆனால் வெடிக்காத அந்தத் துப்பாக்கியின் முனை, வெடித்ததைவிட மோசமாக, ஒரு விரற்கடை கீழே, இடது பக்கம் குத்தி இறங்கியது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், என் கண் முன்னாலேயே இறங்கியது. மூன்று நிமிஷம் எனக்குப் பேச்சு வரவில்லை.

துப்பாக்கி என்னை உதைத்ததே பிறகுதான். அதற்கு முன்னால் நான் அதை உதைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் பையிலிருந்து ஒரு சின்னக் கொக்கித் தராசு எடுத்தார், மீன் நிறுக்கும் தராசுபோல. துப்பாக்கி காலிதான் என்று இருவரும் பார்த்தபின் ட்ரிகரில் மாட்டி இழுத்தார். 12 பவுண்டு. ஏறத்தாழ ஐந்தரை கிலோ. "துப்பாக்கி ஒரு பவுண்டுகூட இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு பவுண்டு இழுக்கிறாய். எது ஆடும்?" என்றார்.

இந்த ரகத்தில் தோட்டாவை வெடிக்கவைக்கும் ஹேமர், நம் ஊரில் குதிரை என்பார்களே அது, சட்டத்துக்குள்ளே மறைந்திருக்கும். பாக்கெட்டிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்டக்கூடாது என்பதற்காக. இந்த வடிவம் அந்தக் கம்பெனியின் நூற்றாண்டான 1952ல் சென்டென்னியல் என்ற பெயரில் வந்தது. குதிரையை விரலால் பின்னுக்கு இழுத்து வைத்துவிட்டு லேசாகச் சுடலாம் என்ற சலுகை இதில் கிடையாது. ஒவ்வொரு தடவையும் அந்த ஐந்தரை கிலோவை முழுசாக இழுத்தாக வேண்டும்.

எனக்கு விளங்கியது முறுக்கு உழக்கில்தான். மாவு கெட்டியாக இருக்கும் நாளில் உழக்கைப் பிழிகிறோம். அழுத்துகிற கைக்கு எத்தனை பலம் வேண்டுமோ, அதைவிட உழக்கைத் தாங்கிப் பிடிக்கிற பிடிக்கு வேண்டும். தாங்குகிற பிடி தளர்ந்தால் வட்டம் கோணும். நடுவில் நிறுத்தினால் இழை அறும். ஒரே அழுத்தமாக, நிறுத்தாமல், ஆனால் வெடுக்கென்றும் இல்லாமல் போக வேண்டும். இன்ஸ்ட்ரக்டரிடம் முறுக்கை விளக்க முயன்றேன். அடுத்த வாரம் ஒரு டப்பா கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. பிழிகிற கதை புரிந்ததோ இல்லையோ, டப்பா காலி.

பிடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பாதி விஷயம் அங்கேதான். கையை எவ்வளவு மேலே ஏற்ற முடியுமோ அவ்வளவு மேலே, துப்பாக்கிப் பிடியின் பின்முதுகில் உள்ள கூனுக்கு அடியில் தோல் மடங்கும்வரை ஏற்றிப் பிடிக்க வேண்டும். கீழே பிடித்தால் துப்பாக்கி கையில் ராட்டினம்போல் மேல்நோக்கிச் சுழலும், அடுத்த குண்டுக்கு முன் பிடியைத் திருத்த வேண்டியிருக்கும். நடுவிரல் ட்ரிகர் வளையத்தை ஒட்டியே இருக்க வேண்டும். இடைவெளி விட்டால்தான் வளையம் வேகம் எடுத்து வந்து கணுவில் இடிக்கிறது. வலக்கைக் கட்டைவிரலைக் கீழ்நோக்கி மடக்கி, அதன்மேல் இடது கட்டைவிரலைப் பூட்டுப்போல் போடச் சொன்னார். ஆனால் கட்டைவிரல் ரொம்ப உள்ளே மடங்கினால், ட்ரிகரை இழுத்து வரும் ஆள்காட்டி விரலின் நுனி அதில் முட்டும். எனக்கு முட்டியது. சுண்டைக்காய் அளவு நகர்த்தியதும் சரியாயிற்று. ட்ரிகரில் விரல் நுனியின் சதையை வைக்காமல் முதல் மூட்டின் மடிப்பை வைக்க வேண்டும். நுனிக்கு அந்த பலம் கிடையாது.

ஒன்றே ஒன்று மட்டும் பயிற்சிக்கெல்லாம் முந்தியது. பிடிக்குள் தோட்டா அடுக்கும் பிஸ்டலைச் சுட்டுப் பழகியவர்கள் இரண்டு கட்டைவிரலையும் முன்பக்கம் நீட்டி வைப்பார்கள். ரிவால்வரில் அப்படி வைக்கவே கூடாது. தோட்டா நிரப்பும் சுழல் உருளையான சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கிறது, ஒவ்வொரு வெடிப்பிலும் சூடான வாயுவும் ஈயத் துணுக்கும் அதன் வழியே இரண்டு பக்கமும் சீறும். அவர் ஒரு காகிதத் துண்டை அந்த இடைவெளிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்து ஒரு தடவை சுட்டுக் காட்டினார். காகிதம் கிழிந்து ஓரம் கருகியிருந்தது. விரலாக இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை.

மரப்பிடிபோல் மெலிந்த சின்னப் பிடியைக் கழற்றிவிட்டு, பின்முதுகையும் மூடுகிற ரப்பர் பிடி மாட்டினோம். சுண்டுவிரலுக்கும் இடம் கிடைத்தது. பாக்கெட்டில் துணி அதில் ஒட்டுகிறது, எடுப்பதற்கு ஒரு நொடி கூடும். அந்தப் பேரத்துக்கு நான் சம்மதித்தேன். தோட்டாவையும் மாற்றினார். 148 கிரெய்ன் வாட்கட்டர், ஒன்பதரை கிராம் ஈயம், முன்பக்கம் மொட்டையாக இருக்கும், மெதுவாகப் போகும். காகிதத்தில் பஞ்சிங் மெஷின் போட்டதுபோல் வட்டமாக ஓட்டை விழும். உதை பாதியாகக் குறைந்த மாதிரி இருந்தது எனக்கு. அதன் ஒரே தொல்லை, மொட்டை முனை என்பதால் அவசரத்தில் சிலிண்டர் ஓட்டைக்குள் வழுக்கிக்கொண்டு இறங்காது, விளிம்பில் தட்டும்.

வீட்டுப் பயிற்சிதான் என்னை மாற்றியது. ரேஞ்சுக்கு வாரம் ஒரு நாள் போவதே பெரிது, தோட்டா விலையும் அப்படி. வெறும் துப்பாக்கியில் ட்ரிகர் இழுக்கும் பயிற்சிக்குக் காசு கிடையாது. அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறேன், அதிலிருந்து இன்றுவரை பிசகியதில்லை. தோட்டா எல்லாவற்றையும் வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வருவேன். சிலிண்டரைத் திறந்து ஐந்து ஓட்டையிலும் விரலை விட்டுப் பார்ப்பேன். கண்ணுக்குக் காலியாகத் தெரிவது போதாது, விரலுக்குத் தெரிய வேண்டும். வெளிச்சுவர்ப் பக்கம், செங்கல் இருக்கும் இடத்தில்தான் குறி. முடித்ததும் "முடிந்தது" என்று வாய்விட்டுச் சொல்லிப் பூட்டிவிடுவேன். முடித்துவிட்டுத் தோட்டா போட்டபின் 'இன்னும் ஒரு தடவை' என்று ட்ரிகரை இழுக்கிற ஆசையில்தான் சுவரிலும் டிவியிலும் ஓட்டை விழுகிறது. .22 போன்ற விளிம்பு வெடிப்புத் தோட்டாத் துப்பாக்கியை இப்படி வெறுமனே இழுக்கும்முன் கம்பெனிப் புத்தகத்தைப் பாருங்கள். பலவற்றில் ஊசி வெறும் விளிம்பில் குத்திச் சேதமாகும்.

அம்மா கொடுத்தனுப்பிய பழைய சுருக்குப் பையில் ஒரு பத்துப் பைசா கிடந்தது. பூப்போல விளிம்பு வளைந்த அலுமினியக் காசு, ஊதினால் பறக்கும். சிலிண்டருக்கு மேலே துப்பாக்கியின் முதுகு தட்டையாக இருக்கிறதல்லவா, இவர் அந்தக் காசை அங்கே வைப்பார். காசு விழாமல் ட்ரிகரை முழுசாக இழுத்துக் குதிரை விழ வேண்டும். முதல் நாள் இருபதுக்கு இருபதும் விழுந்தது. சோபாவுக்கு அடியில் காசு தேடுவதே இவருக்கு வேலையாகப் போயிற்று. "ஏனுங்க, டென்ஷன் பண்ணாம வைங்க" என்று இவர்மேல் எரிந்து விழுவேன், இவர் கைதான் ஆடுகிறது என்று. மூன்றாவது வாரம் இருபதுக்கு எட்டு நின்றது.

அந்தப் பயிற்சியில் இன்னொரு கெட்ட பழக்கமும் தெரிய வந்தது. ட்ரிகரைப் பாதி இழுத்து, அங்கே நிறுத்தி, குறி சரியானதும் படக்கென்று மிச்சத்தை இழுப்பேன். அந்தப் 'படக்'கில்தான் முனை கீழே போகிறது. குறி லேசாக அலைந்தால் அலையட்டும், விரலை நிறுத்தாதே என்றார் இன்ஸ்ட்ரக்டர். அதேபோல் சுட்டபின் ட்ரிகரை முழுசாக முன்னால் திரும்ப விட வேண்டும். பாதியில் மறுபடி இழுத்தால் மாட்டிக்கொள்ளும், அல்லது வெடிக்காமலே ஒரு தோட்டாவைத் தாண்டிப் போய்விடும். வேகமாகச் சுடும்போது எனக்கு இரண்டு தடவை நேர்ந்தது. இரண்டு தடவையும் துப்பாக்கியைத்தான் திட்டினேன்.

குறிபார்க்கக் குழல் நுனியில் இருக்கும் முன்குறி வெள்ளிச் சட்டத்தில் வெள்ளியாக இருந்தது, ரேஞ்ச் விளக்கில் கண்ணுக்கே தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் ஆரஞ்சு நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு. இத்தனை விலை கொடுத்து வாங்கியதில் எனக்கு அதிகப் பலன் கொடுத்த மாற்றம் அந்த ஓசி நெயில் பாலிஷ்தான்.

சினிமாவில் மணிக்கட்டைச் சொடுக்கி சிலிண்டரை மூடுவார்கள். ரேஞ்சில் ஒரு இளைஞன் அப்படி மூடியதைப் பார்த்து இன்ஸ்ட்ரக்டர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. சிலிண்டரைத் தாங்கும் உலோகக் கை மயிரிழை வளைந்தாலும் ஓட்டையும் குழலும் நேர்கோட்டில் நிற்காது. இரண்டு கையாலும் மெதுவாக மூட வேண்டும். தோட்டா போடும்போது குழல் தரையைப் பார்க்கட்டும். சுட்ட கூடுகளை வெளியே தள்ளும்போது வானத்தைப் பார்க்கட்டும். குட்டைக் குழல் என்பதால் தள்ளுகிற கம்பியும் குட்டை, கூட்டை முழுசாக வெளியே தள்ளாது. ஆகவே குழலை நிமிர்த்திப் பிடித்து உள்ளங்கையால் ஒரே தட்டு, பளாரென்று. நாசூக்காக அழுத்தினால் ஒரு கூடு நழுவி, தள்ளுகிற நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு நகத்தால் நோண்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எரியாத மருந்துத் துகள் அந்தத் தகட்டின் அடியில் சேர்ந்தாலும் சிலிண்டர் மூடாது. பழைய டூத் பிரஷ் போதும்.

இன்னும் லேசான துப்பாக்கி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு காட்சி. எங்கள் வகுப்பில் ஒருவர் ஸ்காண்டியம் கலந்த சட்டமும் டைட்டானியம் சிலிண்டருமாக 340 கிராமுக்குள் ஒன்று வைத்திருந்தார், பலமான .357 மேக்னம் தோட்டா சுடக்கூடியது. மூன்று தடவை சுட்டார். நாலாவது இழுப்பில் ட்ரிகர் அசையவில்லை, சிலிண்டர் சுற்றவில்லை. இன்ஸ்ட்ரக்டர் எல்லாரையும் பின்னால் போகச் சொல்லிவிட்டு, குழலை டார்கெட் பக்கமே வைத்துக்கொண்டு வெகுநேரம் மல்லுக்கட்டித் திறந்தார். சுடாமல் மிச்சமிருந்த தோட்டாவில் ஒன்றின் குண்டு, கூட்டைவிட்டு முன்னால் நகர்ந்து சிலிண்டருக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. துப்பாக்கி அத்தனை வேகத்தில் பின்னால் பாயும்போது பித்தளைக் கூடும் கூடவே போகிறது, கனமான குண்டு இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. பஸ் சட்டென்று கிளம்பும்போது நிற்பவர் பின்னால் சாய்வதுபோல. லேசான துப்பாக்கியில் பலமான தோட்டா போடுகிறவர்கள், நாலு சுட்டுவிட்டு ஐந்தாவதை எடுத்துப் புதுத் தோட்டாவோடு பக்கத்தில் வைத்து நீளம் பார்க்க வேண்டும். நீண்டிருந்தால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. அந்தத் துப்பாக்கிக்காரர் கையை உதறிக்கொண்டே, "விலை இதைவிட இரண்டு மடங்கு" என்று என் 642-ஐக் காட்டிச் சொன்னார்.

காது விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கைத்துப்பாக்கி வெடி 150 டெசிபலுக்கு மேல். குட்டைக் குழலில் வெடிப்பு முகத்துக்குப் பக்கத்தில் நடக்கிறது. காதுக்குள் அடைப்பான், அதற்கு மேல் மூடி, இரண்டும் போடுவேன். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்க மாட்டேன், ஈயம்.

கைப்பையில் வைப்பதை இரண்டு வாரத்தில் விட்டுவிட்டேன். பையைக் கடையில் வண்டியில் வைக்கிறோம், கல்யாண வீட்டில் நாற்காலியில் தொங்கவிடுகிறோம், பேரக் குழந்தைகள் சாக்லேட் தேடிக் கை விடுகின்றன. உடம்பில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பூட்டில் இருக்க வேண்டும். எனக்கு மூன்றாவது இடம் கிடையாது. டெக்சாஸில் தோட்டா போட்ட துப்பாக்கியை அலட்சியமாக வைத்து, அது 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கையில் கிடைத்துவிட்டால் அதுவே குற்றம். பாக்கெட்டில் வைக்கும்போது ட்ரிகரை மூடுகிற பாக்கெட் ஹோல்ஸ்டர் கட்டாயம், அந்தப் பாக்கெட்டில் வேறு சாவி, சில்லறை எதுவும் இருக்கக் கூடாது. மாதம் ஒரு முறை வெளியே எடுத்துப் பார்த்தால் குழலுக்குள் பஞ்சு பஞ்சாகத் துணித் தூசி இருக்கும்.

2021 செப்டம்பரிலிருந்து இந்த மாநிலத்தில், தடை எதுவும் இல்லாத, 21 வயது நிரம்பியவர்களுக்குக் கைத்துப்பாக்கி எடுத்துச்செல்ல உரிமம் கட்டாயமில்லை. ஆனாலும் எடுக்கப் போனேன். காரணம் சட்டமில்லை, அந்தத் தேர்வில் சுட்டுக் காட்ட வேண்டும். மொத்தம் 50 தோட்டா. 3 கெஜத்தில் 20, 7 கெஜத்தில் 20, 15 கெஜத்தில் 10. 250க்கு 175 எடுத்தால் பாஸ். இன்ஸ்ட்ரக்டர் தன் 686-ஐத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். என்னோடு வந்தவர்கள் எல்லாரும் பெரிய பிஸ்டல். நான் ஒருத்திதான் ஐந்து ஐந்தாக நிரப்பிக்கொண்டு நின்றேன், மேஜைமேல் ரப்பர் பட்டையில் செருகிய தோட்டாக்களோடு, பூக்கட்டுகிறவள் மாதிரி.

3, 7 இரண்டிலும் பரவாயில்லை. 15 கெஜத்துக்குக் காகிதம் போனபோது ஆரஞ்சு முன்குறி டார்கெட்டின் நெஞ்சையே மறைத்தது. அந்தப் பத்தும் சுடும்போது உதையைப் பற்றி நினைக்கவில்லை. முன்குறியையும் அதன்மேல் இல்லாத ஒரு பத்துப் பைசாவையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு குண்டு கீழே இடது பக்கம் போயின, பழைய சொந்தக்காரர்கள் போல. மொத்தம் 221.

போன மாதம் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் ஒரு இளம்பெண் தயங்கித் தயங்கி வந்து கேட்டாள். "அக்கா, உங்ககிட்ட சின்னதா, லேசா ஒண்ணு இருக்காமே. எனக்கும் அதே மாதிரி வாங்கலாம்னு..." வீட்டுக்கு வரச் சொன்னேன். சனிக்கிழமை வந்தாள். துப்பாக்கி காலி என்று அவள் விரலையே ஐந்து ஓட்டையிலும் விட்டுப் பார்க்க வைத்து, செங்கல் சுவரைக் காட்டி, மேலே காசை வைத்தேன். ட்ரிகரைத் தொட்டதும் காசு விழுந்து சோபாவுக்கு அடியில் உருண்டது. "இது உடைஞ்சிருக்கா அக்கா? இழுக்கவே வரலையே" என்றாள். உடையவில்லை என்றேன். இவர் குனிந்து காசைத் தேடிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சுக்குக் கூட்டிப்போய் அந்த ஒரு கிலோ 686-ஐ முதலில் கொடுக்கச் சொல்லி இன்ஸ்ட்ரக்டருக்குச் செய்தி அனுப்பினேன். சரி என்று பதில் வந்தது. கூடவே, டப்பா காலியாகி ரொம்ப நாளாயிற்று என்றும்.